பனியும் பனியனும்

கடுங்குளிர் நாட்டுக்குப் புதிதாக வருபவர்களிடம், "நல்ல ஜாக்கெட் ஒன்று வாங்கிவிடுங்கள், போதும்" என்று எல்லோரும் சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள். அதை அப்படியே நம்பி முதல் குளிர்காலம் முழுவதும் நடுங்கியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அடுக்கடுக்காக அணிய வேண்டும் என்பது எங்கும் சொல்லப்படுவதுதான்: உடலை ஒட்டி வியர்வையைத் தேக்காத மெல்லிய உள்ளாடை, அதன்மேல் கம்பளியோ, ஃப்ளீஸ் எனும் பஞ்சுபோன்ற செயற்கை இழைத் துணியோ, எல்லாவற்றுக்கும் மேல் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். துணி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றே உடலின் வெப்பத்தைக் காக்கிறது.

நான் ஏமாந்தது முதல் அடுக்கில். வெப்பநிலை மைனஸ் 30 டிகிரியைத் தொட்டிருந்த ஒரு காலையில், இறகு அடைத்த தடித்த ஜாக்கெட்டுக்குள் வழக்கமான பருத்திப் பனியனையும் சட்டையையும் அணிந்துகொண்டு, முதுகில் கனத்த பையுடன் பேருந்தைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போனேன். பேருந்து போய்விட்டது. அடுத்ததற்காக நின்ற முதல் சில நிமிடங்கள் உடம்பு கொதித்தது; பெருமையாக ஜிப்பைக்கூடச் சற்று இறக்கிவிட்டேன். பிறகு தோள்பட்டைகளுக்கு நடுவே, பை அழுத்திக்கொண்டிருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குளிர் தொடங்கி இடுப்பு வரை இறங்கியது. வீடு திரும்பிப் பனியனைக் கழற்றியபோது அது ஈரத்துணியாக முதுகோடு ஒட்டியிருந்தது. ஜாக்கெட்டின் வெளிப்புறத்திலோ ஒரு சொட்டு ஈரமில்லை.

பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் உறைக்காது. வெயிலில் வியர்வையை உறிஞ்சி, மெதுவாக உலர்ந்து நம்மைக் குளிர்விக்கும் அதே குணம்தான் பனியில் பகையாகிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது என்பதால், நனைந்த பனியன் உடல் வெப்பத்தை விடாமல் உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது; பாலியஸ்டர் இழையோ 1 சதவீதத்துக்கும் குறைவாகவே உறிஞ்சுவதால் விரைவில் உலர்ந்துவிடும். கம்பளி குத்தும் என்று அஞ்சுபவர்கள், இழை மிக நுண்ணிய மெரினோ ஆட்டுக் கம்பளியை அணிந்து பார்க்கலாம். இறகு ஜாக்கெட்டும் நனைந்தாலோ, பையின் கீழ் நசுங்கினாலோ உப்பலை இழந்துவிடும்; உப்பல் போனால் உள்ளிருக்கும் காற்றும் போயிற்று.

காலுறைகளுக்கும் இதே கணக்குத்தான். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு பருத்திக் காலுறைகளைத் திணிப்பதைவிட, விரல்களை அசைக்க இடம்விட்டு ஒரே ஒரு கம்பளிக் காலுறை அணிவது மேல்.

உள்ளாடை வாங்கும்போது முன்பக்கத்தில் 'தெர்மல்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பாமல், உட்புறத் தையலில் இருக்கும் சிறிய துணிச்சீட்டைப் புரட்டிப் படியுங்கள். அந்தப் பேருந்து நிறுத்தத்துக்குப் பிறகு நான் ஆத்திரத்தோடு போய் வாங்கி வந்த முதல் 'தெர்மல்' 60 சதவீதம் பருத்தி.