நாயும் லைசென்ஸ் துப்பாக்கியும் கூட வரும் குடும்பத்துக்கு: டெக்சஸில் கேம்பிங் இடம் தேடும் வழி

கேம்பிங் போக இடம் தேடும்போது ஏரி பக்கத்தில் இருக்கிறதா, குளியலறை சுத்தமா, பிள்ளைகள் ஓடியாட இடம் உண்டா என்றுதான் பெரும்பாலும் பார்ப்போம். நாயும், சட்டப்படி வைத்திருக்கும் கைத்துப்பாக்கியும் கூட வருகிற குடும்பம் அதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த நிலம் யாருடையது, யார் நடத்துகிறார்கள்? அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் போனால், ஒரு கேம்ப்கிரவுண்டில் சரியாக இருந்த, துப்பாக்கி உள்ள அதே கைப்பை பத்து மைல் தள்ளி அடுத்ததில் குற்றமாகிவிடும்.

நாங்கள் ஹூஸ்டன் பக்கம் சுகர்லேண்டில் இருக்கிறோம். இரண்டு பிள்ளைகள், ஷெல்டரிலிருந்து எடுத்து வந்த செவலை என்ற பிளாக் மவுத் கர் நாய். கணவர் வேலைக்காக வெளியூர் போகும் வாரங்களில் நானும் பிள்ளைகளும் செவலையும் மட்டும் கிளம்பிவிடுவோம். காட்டுப் பக்கம் போலீஸ் வந்து சேர நேரமாகும் என்பதால்தான் கைத்துப்பாக்கி சுமப்பதற்கான டெக்சஸ் எல்டிசி (லைசென்ஸ் டு கேரி) எடுத்தேன். இதே நிலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி என்னைக் கேட்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விசா. எச்1பி, எச்4, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் வந்திருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க ஃபெடரல் சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. இமிக்ரேஷன் வக்கீலிடம் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர் வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை வந்தால் அவரையும் நாடு கடத்த முடியும். பக்கத்து டென்ட் நண்பருக்கு உரிமை இருக்கலாம். "கொஞ்சம் பிடிங்க" என்று அவர் நீட்டினால், எச்1பியில் இருப்பவர் கை நீட்டாமல் இருப்பதே நல்லது. பல வருடமாகக் கட்டிய வாழ்க்கை இதில் போய்விடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது நிலம். டெக்சஸ் ஸ்டேட் பார்க் என்றால் எல்டிசி உள்ளவர் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம்; சுடக் கூடாது. 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி சுமக்கலாம் என்று மாநிலச் சட்டம் மாறியது. இருந்தாலும் கேம்பிங் போகிறவர் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள் என்பேன். வேறு மாநிலங்கள் பல அதை மதிக்கின்றன. தனியார் இடங்களில் தொங்கும் அறிவிப்புப் பலகைகளில் ஒருவகை, லைசென்ஸ் இல்லாதவரை மட்டுமே தடுக்கும்.

நேஷனல் ஃபாரஸ்ட்டிலும் வைத்திருப்பதற்கு மாநிலச் சட்டம்தான். ஆனால் கேம்ப்சைட், கட்டடம், ஆட்கள் இருக்கும் இடம் எதிலிருந்தும் 150 கஜத்துக்குள் சுடக் கூடாது; சாலைக்கோ நீர்நிலைக்கோ குறுக்கேயும் கூடாது. எங்களுக்குப் பக்கம் சாம் ஹூஸ்டன் நேஷனல் ஃபாரஸ்ட். அங்கே கோல்ட்ஸ்பிரிங் ஊருக்கு அருகில் உள்ள டபுள் லேக், சின்னப் பிள்ளைகளோடு முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம். மான் வேட்டை சீசனில் போனால் நாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஆரஞ்சு நிற வெஸ்ட் போடுங்கள். செவலையின் நிறம் அப்படியே மானின் நிறம். அந்த மாதங்களில் வெஸ்ட் இல்லாமல் அவன் காரை விட்டு இறங்குவதில்லை.

நேஷனல் பார்க் விதி 2010 பிப்ரவரி 22 அன்று மாறியது. அதிலிருந்து பூங்கா எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டமே செல்லும். ஆனால் விசிட்டர் சென்டர், ரேஞ்சர் அலுவலகம் போன்ற ஃபெடரல் கட்டடங்களுக்குள் கொண்டு போகக் கூடாது. வாசலிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். பிள்ளைகள் ஜூனியர் ரேஞ்சர் பேட்ஜ் வாங்க உள்ளே ஓடும்போது கூடவே நுழைந்துவிடுவது சுலபம். பார்க்கிங்கில் இறங்கும் முன்பே துப்பாக்கியைக் காரில் பூட்டிவிட்டுப் போவது என்று எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம்.

அதிகம் பேர் கவனிக்காத இடம், அமெரிக்க ராணுவத்தின் பொறியியல் பிரிவான ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ் (சுருக்கமாக கோர்) நடத்தும் ஏரிக்கரைகள். டெக்சஸில் குடும்பங்களுக்கு மிகப் பிடித்த பல கேம்ப்கிரவுண்டுகள் அவர்களுடையவை: நிழல், தண்ணீர், கரண்ட், குறைந்த வாடகை. ஆனால் அவர்களின் விதி, ஃபெடரல் விதித்தொகுப்பில் 36 சிஎஃப்ஆர் 327.13, குண்டு நிரப்பிய துப்பாக்கியை மட்டுமில்லை, தோட்டாக்களையும் தடுக்கிறது. அனுமதித்த வேட்டை அல்லது மீன்பிடிப்பு, அனுமதித்த சுடுதளம், மாவட்டத் தளபதியின் எழுத்துப்பூர்வ அனுமதி ஆகியவைதான் பொதுமக்களுக்கான விலக்கு. மாநில லைசென்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. இந்த விதியை எதிர்த்து வழக்குகள் நடந்திருக்கின்றன, மாற்றும் முயற்சியும் நடந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அந்த ஏரியின் கோர் அலுவலகத்தைக் கூப்பிட்டு, இன்று நடப்பில் உள்ள விதி என்ன என்று கேளுங்கள்.

சாமர்வில் ஏரியைப் பாருங்கள். ராக்கி கிரீக், யெகுவா கிரீக் இரண்டும் கோர் நடத்துபவை. அதே ஏரியின் பர்ச் கிரீக், நெயில்ஸ் கிரீக் பகுதிகள் ஸ்டேட் பார்க். படத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே ஏரி, ஒரே ஓக் மரங்கள். ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் முன்பதிவு செய்யும்போது, கேம்ப்கிரவுண்ட் பெயரோடு அதை நடத்தும் அமைப்பின் பெயரும் இருக்கும். நாங்கள் படங்களைப் பார்ப்பதற்கு முன் அந்த வரியைப் பார்ப்போம். ஸ்டேட் பார்க் முன்பதிவுக்குத் தனித் தளம். ஐந்து மாதம் முன்னாலேயே திறக்கும், வசந்த விடுமுறை வாரம் சீக்கிரம் தீர்ந்துவிடும். கோர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மாநிலம் நடத்தும் பூங்காக்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் பூங்கா அலுவலகத்திடமே கேட்டுவிடுங்கள்.

பழங்குடி மக்களின் நிலத்தில் அவர்கள் சட்டம்தான். டெக்சஸ் லைசென்ஸை அங்கே யாரும் ஏற்கத் தேவையில்லை. அந்தந்தப் பழங்குடி அரசிடம் கேட்காமல் துப்பாக்கியோடு தங்காதீர்கள்.

தனியார் கேம்ப்கிரவுண்ட், ஆர்வி பார்க், பண்ணை நிலம் என்றால் உரிமையாளர் வைத்ததுதான் விதி. டெக்சஸில் இதற்கான பலகைகளைத் தண்டனைச் சட்டப் பிரிவு எண்ணால் சொல்வார்கள். 30.06 பலகை, லைசென்ஸ் உள்ளவர் மறைத்து வைத்திருப்பதைத் தடுக்கும். 30.07 பலகை வெளியே தெரியும்படி சுமப்பதைத் தடுக்கும். 30.05 பலகை லைசென்ஸ் இல்லாதவருக்கானது. 30.06, 30.07 இரண்டிலும் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்து இருக்க வேண்டும். வாசலில் பலகை இல்லாவிட்டால் சரி என்று நினைத்துவிடாதீர்கள். அதே வாசகத்தைக் காகிதத்தில் கொடுத்தாலும், வாயால் சொன்னாலும் அது முறையான அறிவிப்புதான். முன்பதிவு மின்னஞ்சலின் கடைசியில் பொடி எழுத்தில் வரும் விதிகளை அதனால்தான் முழுதும் படிக்கச் சொல்கிறேன். பலகையை மீறி நுழைந்தால் 200 டாலர் வரை அபராதம். வெளியே போகச் சொல்லியும் போகாமல் நின்றால் அதைவிடப் பெரிய குற்றம்.

தனியார் இடத்துக்கு நான் போன் செய்துவிட்டுத்தான் பணம் கட்டுவேன். முதலில் நாயைப் பற்றிக் கேட்பேன், பிறகு துப்பாக்கி. "எனக்கு டெக்சஸ் எல்டிசி இருக்கிறது. கைத்துப்பாக்கி மறைவாக இருக்கும், அல்லது பெட்டியில் பூட்டியிருக்கும். உங்கள் இடத்தில் அதற்குத் தடை உண்டா?" அவ்வளவுதான். சிலர் "எங்களுக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை, வெளியே காட்டாமல் இருந்தால் போதும்" என்பார்கள். சிலர் "குடும்பங்கள் வரும் இடம், வேண்டாம்" என்பார்கள். இரண்டும் நேர்மையான பதில். வேண்டாம் என்பவரிடம் நான் வாதாடுவதில்லை, அவர் நிலம் அவருடையது. இழுத்து இழுத்துப் பேசுகிறவரிடம்தான் எச்சரிக்கை. "சரி" என்று சொன்னவரிடம் அதையே ஒரு வரி மின்னஞ்சலாக அனுப்பச் சொல்லி வாங்கிவிடுவேன்.

நாய் விஷயத்தில் "பெட் ஃபிரண்ட்லி" என்ற வார்த்தையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். எத்தனை நாய், எவ்வளவு எடை, எந்த இனம் என்று தனியார் இடங்களில் வரம்பு இருக்கும். ஹில் கன்ட்ரியில் ஒரு தனியார் கேம்ப்கிரவுண்டில், போனில் சரி என்று சொல்லிவிட்டு, நேரில் செவலையின் அகன்ற தாடையைப் பார்த்ததும் "பிட்புல் கலப்பு" என்று திருப்பி அனுப்பினார்கள். பிள்ளைகள் பின்சீட்டில், வெளியே இருட்டு. அதன் பிறகு முன்பதிவுக்கு முன்பே அவன் போட்டோவையும் ரேபிஸ் சான்றிதழையும் அனுப்பி, பதில் வந்தபின்தான் பணம் கட்டுகிறோம். கலப்பு நாய் வைத்திருப்பவர்கள் இதைச் செய்தே ஆக வேண்டும்.

அரசு நிலங்களில் இனம் பற்றிய பேச்சு பெரும்பாலும் வராது. லீஷ் ஆறடிக்கு மேல் கூடாது என்பது ஸ்டேட் பார்க், நேஷனல் பார்க், நேஷனல் ஃபாரஸ்ட் கேம்ப்கிரவுண்ட் எல்லாவற்றுக்கும் பொது. இழுத்தால் நீளும் லீஷை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எங்களுக்கு அருகில் உள்ள பிரேசோஸ் பெண்ட் ஸ்டேட் பார்க்கில் முதலைகள் கரையிலேயே படுத்துக்கிடக்கும். அங்கே லீஷைக் கையில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்து, நாயைத் தண்ணீருக்கு எதிர்ப்பக்கம் விட்டு நடக்க வேண்டும்.

கேம்ப்கிரவுண்டில் நாயை விடுகிறார்கள் என்றால் நடைபாதையிலும் விடுவார்கள் என்று அர்த்தமில்லை. பிக் பெண்டில் கார் போகும் இடத்துக்கு மட்டுமே நாய் வரலாம், எந்த டிரெயிலிலும் கூடாது. வெயிலில் காரிலும் விட முடியாது என்பதால், ஒருவர் நாயோடு தங்க, மற்றவர் பிள்ளைகளோடு நடக்க வேண்டும். தனியாகப் போகும் அம்மாவுக்கு அது சரிவராது. என்சான்டெட் ராக்கில் நாய் உச்சிக்கு ஏற முடியாது. இதற்கு மாறாக, பாட்ரே ஐலண்ட் நேஷனல் சீஷோரில் மாலகீட் கேம்ப்கிரவுண்டில் தங்கி, லீஷோடு கடற்கரையில் நெடுந்தூரம் நடக்கலாம். விசிட்டர் சென்டர் முன்னுள்ள பகுதி மட்டும் விலக்கு. ஆர்கன்சாவில் ஹாட் ஸ்பிரிங்ஸ் நேஷனல் பார்க்கின் டிரெயில்களில் நாய் வரலாம், கல்ஃபா கார்ஜில் தங்கலாம். நாயோடு போகிறவர்கள் முதலில் இப்படிப்பட்ட இடங்களைத் தேர்ந்தெடுங்கள். புகழ்பெற்ற இடத்துக்குப் போய் நாயை நிழலில் கட்டிப்போட்டுவிட்டு வருவது அதற்குச் செய்யும் அநியாயம்.

டென்டில் துப்பாக்கியை எப்படி வைப்பது? டெக்சஸில் 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு எட்டும்படி, உடனே சுடக்கூடிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக வைத்து, அது பிள்ளையின் கைக்குப் போய்விட்டால், வைத்தவர் மீது குற்றம். தலையணைக்கு அடியில், பர்ஸில், ஐஸ் பெட்டிக்கு மேலே என்ற பேச்சே வேண்டாம். என் இடுப்பு உறையில் இருக்கும், இல்லையென்றால் விரலால் அழுத்தித் திறக்கும் சின்ன இரும்புப் பெட்டியில் இருக்கும். பெட்டி காரில் இருக்கும்போது அதன் கம்பிக்கயிற்றை டிரைவர் சீட்டின் கால் கம்பியில் சுற்றிப் பூட்டிவைப்பேன். இரவில் பெட்டி டென்டில் என் பக்கம், பிள்ளைகள் அந்தப் பக்கம், நடுவில் செவலை. பக்கத்து சைட் பிள்ளைகள் எங்கள் டென்டுக்குள் ஓடிவருவார்கள் என்று எண்ணித்தான் எல்லாம் செய்கிறேன். குடித்துவிட்டுக் கைத்துப்பாக்கி சுமப்பதும், உங்கள் சொந்த இடத்துக்கும் வாகனத்துக்கும் வெளியே, குற்றம். பீர் எடுத்தால் துப்பாக்கி காலைவரை பெட்டியில்.

ரேஞ்சரோ போலீஸோ அடையாள அட்டை கேட்டால், துப்பாக்கி உங்களிடம் இருக்கும்போது டிரைவர் லைசென்ஸோடு எல்டிசியையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கையை ஸ்டியரிங்கில் வைத்தபடியே சொல்லிவிட்டு, பிறகு எடுங்கள்.

மாநில எல்லை தாண்டினால் எல்லாம் புதிதாகப் பார்க்க வேண்டும். டெக்சஸ்காரர்கள் கோடையில் ஓடுவது கொலராடோவுக்கு. அங்கே 2013 ஜூலை 1க்குப் பிறகு வாங்கிய, 15 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் தடை. நம் ஊரில் கடையிலேயே 17 தோட்டா மேகசினோடுதான் பல கைத்துப்பாக்கிகளை விற்கிறார்கள். அதை வீட்டில் விட்டு, பத்துத் தோட்டா மேகசினை எடுத்துப் போங்கள். ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கியை விட்டால், வெளியே தெரியாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில், பூட்டிய காரில் இருக்க வேண்டும் என்பதும் 2025 ஜனவரி 1 முதல் அங்கே சட்டம். அங்கும் நியூ மெக்சிகோவிலும் கஞ்சா கடையில் விற்கிறார்கள். ஃபெடரல் சட்டத்தில் அது இன்னும் தடை செய்த பொருள், அதை உபயோகிப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. மிட்டாய் வடிவில் வந்தாலும் அதுதான்.

உங்கள் லைசென்ஸ் செல்லாத மாநிலம் வழியில் வந்தால், 1986 ஃபெடரல் சட்டம் கடந்து போக மட்டும் பாதுகாப்பு தருகிறது: குண்டு எடுத்து, பூட்டி, துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டாத இடத்தில். தனி டிக்கி இல்லாத எஸ்யூவி, மினிவேன் என்றால் பூட்டிய பெட்டி வேண்டும். கிளவ் பாக்ஸ் அந்தக் கணக்கில் சேராது. வழியில் இரண்டு நாள் கேம்ப் போட்டுத் தங்குவதும் இந்தப் பாதுகாப்பில் அடங்கும் என்று நம்பாதீர்கள்.

கிளம்பும் முன்பு ஒரு பிளாஸ்டிக் கவரில் இவை போகட்டும்: கேம்ப்கிரவுண்டின் மின்னஞ்சல் அச்சுப்பிரதி, அந்தப் பூங்காவின் நாய் விதிப் பக்கம், ரேபிஸ் சான்றிதழ், செவலையின் போட்டோ, லைசென்ஸ் நகல், வழியில் உள்ள 24 மணி நேர கால்நடை மருத்துவமனையின் விலாசம். மலையிலும் காட்டிலும் போனில் சிக்னல் இருக்காது. கேட்டில் நிற்பவருக்கு நீங்கள் காட்டக்கூடியது காகிதம் மட்டும்தான்.