பல வருட அனுபவத்தோடு மருத்துவ நிர்வாகம் படிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

வார்டிலும் ஆய்வகத்திலும் மருந்தகத்திலும் பத்துப் பதினைந்து வருடம் உழைத்தவர்கள் தலைமைப் பொறுப்புக்குத் தயாராக மறுபடி மாணவராவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அவர்களிடம் இருக்கும் அனுபவம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது. ஆனால் அதே அனுபவம் சில இடங்களில் காலை வாரிவிடும்.

முதல் தவறு சேரும்போதே நடக்கிறது: பட்டத்தின் பெயரை மட்டும் பார்ப்பது. எம்.எச்.ஏ. மருத்துவமனையை நடத்துவது பற்றியது. எம்.பி.ஏ. எல்லாத் தொழிலுக்கும் பொதுவானது. எம்.பி.எச். ஒரு சமூகத்தின் ஆரோக்கியத்தை மொத்தமாகப் பார்க்கிறது. அடுத்து எந்தப் பொறுப்புக்குப் போக நினைக்கிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுப் பட்டத்தைத் தேடுங்கள். கூடப் படிப்பவர்கள் யார் என்பதையும் விசாரியுங்கள். நேற்றுக் கல்லூரி முடித்தவர்கள் மட்டுமே இருக்கும் வகுப்பில் உங்கள் கேள்விகளுக்கு ஈடு கொடுக்க ஆள் இருக்காது.

அப்புறம், கணக்கைக் கண்டு ஒதுங்குவது. "நான் நோயாளியைப் பார்க்கிறவள், பட்ஜெட் எனக்கு எதற்கு?" என்று நினைத்தால் பாதிப் படிப்பு வீண். ஒரு சின்ன உதாரணம். அவசரப் பிரிவுக்கு மணிக்குச் சராசரியாக 6 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் சராசரியாக 4 மணி நேரம் இருக்கிறார்கள் என்றால், சராசரியாக எந்த நேரத்திலும் உள்ளே 24 பேர் இருப்பார்கள். தங்கும் நேரத்தை 3 மணியாகக் குறைத்தால் 18 பேர்தான். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி இது. இதைப் புரிந்துகொண்டவர் கூடுதல் கட்டில் கேட்கும் முன், அந்த 4 மணி நேரம் எங்கே போகிறது என்று பார்ப்பார். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பதிலா, வார்டில் இடம் கிடைக்காததிலா?

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சரியான விடை தெரிந்தால் போதும் என்று நம்புவது. மருந்தை எழுதினால் கொடுத்துவிடுவார்கள், அப்படியே பழகிவிட்டோம். நிர்வாகத்தில் அது நடக்காது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கென 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. 8 நகரங்களில் 8 மருத்துவமனைகளில் செய்த ஆய்வில், பட்டியலைப் பயன்படுத்திய பிறகு இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. 2009-ல் அந்த ஆய்வு வெளியானது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகள் அதே போன்ற பட்டியல்களைக் கடைப்பிடித்தன. 2014-ல் வந்த ஆய்வு இறப்பில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை என்றது. காரணம் என்ன என்பதில் இன்னும் வாதம் உண்டு. என் பார்வையில், மேலிருந்து வந்த உத்தரவுக்காக டிக் அடிப்பதும், அறையில் இருக்கும் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று பேசுவதும் ஒன்றல்ல. இளைய செவிலியர் "டாக்டர், கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லத் துணியும் சூழலை எந்தப் படிவமும் தானாக உருவாக்காது. அதை உருவாக்கக் கற்றுக்கொள்ளத்தான் இந்தப் படிப்பு. ஆகவே நிறுவன நடத்தை (வேலையிடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்), மாற்ற மேலாண்மை (புதிய முறையை எல்லோரும் ஏற்கச் செய்வது) போன்ற பாடங்களை 'வெறும் பேச்சு' என்று தள்ளிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்து, மூத்தவர்கள் அதிகம் அலட்சியப்படுத்துவது இவற்றைத்தான்.

பிராஜெக்டுக்கு எங்கோ இருக்கும் பெரிய தலைப்பைத் தேடுவதும் வேண்டாம். உங்கள் பிரிவிலேயே உங்களை உறுத்தும் ஒன்றை எடுங்கள்: ஷிப்ட் மாறும்போது விடுபடும் தகவல், டிஸ்சார்ஜ் தாமதம். மருத்துவத் தரத்தை ஆராய்ந்த அவெடிஸ் டோனபீடியன் 1966-ல் சொன்னபடி கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். மாற்றத்துக்கு முன்பே அளந்து வையுங்கள்; பலரும் அதை மறந்துவிட்டுக் கடைசியில் ஒப்பிட எதுவுமில்லாமல் தவிக்கிறார்கள்.

நேரத்தைப் பற்றி ஒன்றுதான். இரவு டியூட்டி முடித்துவிட்டுப் படித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு சில வாரங்களில் உடைந்துவிடும். சேரும் முன்பே டியூட்டி பட்டியல் போடுபவரிடம் பேசி, வகுப்பு நாட்களையும் தேர்வு வாரங்களையும் தேதியோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.