வெங்காயம் கருகினால் பார்ப்பவர் தப்பா? சமையல் வீடியோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு என்று மும்பைத் தமிழ் வீடுகளிலிருந்து புதுப்புது சமையல் சேனல்கள் வந்தபடி இருக்கின்றன. போனை ஆட்டக்கூடாது, லென்ஸைத் துடைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் வேறு.

நிறத்தை போனிடம் விடுவது

"பொன்னிறமாக வதக்குங்கள்" என்றால் அங்கே நிறம்தான் பாடம். ஆட்டோ வொயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்துக்கேற்ப போனே நிறத்தைச் சரிசெய்யும் வசதி, அதில்தான் கை வைக்கிறது. படத்தில் ஒரே நிறம் நிறைந்தால் அதைக் குறைக்கப் பார்க்கும். வாணலியில் வெங்காயம் சிவக்கச் சிவக்க, போன் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அடுப்பில் நன்றாகச் சிவந்துவிட்டது, திரையில் இப்போதுதான் பொன்னிறம். பார்ப்பவர் இன்னும் இரண்டு நிமிடம் வதக்கிவிட்டு "கசக்குது" என்று கமென்ட் போடுவார். சாம்பார் வெளிறித் தெரிவதும் இதனால்தான்.

"திரையை அழுத்திப் பிடித்து லாக் செய்தேனே" என்பார்கள். எரிச்சலே இங்கேதான். பல போன்களில் அந்த லாக் ஃபோகஸையும் வெளிச்சத்தையும் மட்டும் பிடிக்கும், நிறத்தைப் பிடிக்காது. ஐபோனில் கேமரா செட்டிங்ஸில், வீடியோ பகுதிக்குள் வொயிட் பேலன்ஸ் லாக் தனியாக இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ப்ரோ வீடியோ (எல்லாவற்றையும் கையால் அமைக்கும் முறை) இருந்தால், வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணை நீங்களே வையுங்கள். வெள்ளை எல்இடி டியூபுக்கு 5500 முதல் 6500 வரை. அடுப்பருகே ஒரு தட்டில் வெள்ளைச் சாதம் வைத்து, அது வெள்ளையாகத் தெரிகிற எண்ணில் நிறுத்துங்கள்.

சிம்னியின் மஞ்சள் விளக்கு, டியூப், ஜன்னல் மூன்றும் கலந்தால் எந்த எண்ணும் உதவாது. சிம்னி விளக்கை அணைத்து, ஜன்னலுக்குத் திரை போடுங்கள். மும்பை மழைக்காலத்தில் கடுகு வெடிக்கும்போது ஒரு வெளிச்சம், கறிவேப்பிலை போடும்போது வேறொன்று. எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. நிறம் ஒரே ஷாட்டுக்குள் நகர்ந்திருப்பதால், தொடக்கத்துக்குச் செய்த திருத்தம் முடிவைக் கெடுக்கும். மறுபடி கால் கிலோ வெங்காயம் உரிக்க வேண்டியதுதான்.

திரையில் ஓடும் கோடுகள்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதோடு சேர்ந்து விளக்கு துடிப்பதால்தான் வீடியோவில் கோடுகள் ஓடுகின்றன. ப்ரோ வீடியோவில் ஷட்டரை (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள்.

இரைச்சல்

பேசும்போது சிம்னியை நிறுத்துங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். தாளிக்கும் ஓசை மேல் பேசாதீர்கள், எண்ணெய்ச் சூடு அதில்தான் தெரியும்.

"ஒரு டம்ளர்"

எந்த டம்ளர்? மில்லியில் சொல்லுங்கள். மெஷரிங் கப் 240 அல்லது 250 மில்லி, வீட்டு டம்ளர் வீட்டுக்கு வீடு வேறு. அரிசியை டம்ளரிலும் தண்ணீரைக் கப்பிலும் அளந்தவருக்குச் சாதம் குழையும், இல்லையென்றால் வேகாமல் நிற்கும்.

நேர் மேலே போன்

ஆவி லென்ஸில் படியும். முன்பக்கமாகச் சாய்த்து மாட்டுங்கள்.

பின்னணி இசை

வேண்டாம்.