பக்கம் முழுக்க மஞ்சள்: குறிப்பெடுக்கும்போது தவிர்க்க வேண்டியவை

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் புத்தகத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஹைலைட்டர் மஞ்சள்தான். வேலூர்ப் புரட்சிப் பாடத்தில் 1806 ஜூலை 10, கில்லஸ்பி, பெண்டிங் பிரபு, திப்புவின் மகன்கள் என்று ஒன்றுவிடாமல் மஞ்சள். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "சிப்பாய்கள் ஏன் கிளம்பினார்கள்?" என்று கேட்டால், "தலைப்பாகை..." என்று தொடங்கி அதோடு நின்றுவிடுகிறார்கள். பார்க்கவே மனசு கேட்பதில்லை. அவ்வளவு உழைப்பு அதில் இருக்கிறது.

முதல் வாசிப்பிலேயே கோடு போடுவதால் வரும் வினை இது. எது முக்கியம் என்று அப்போது நமக்கே தெரியாது. 2013-ல் ஜான் டன்லாஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை அலசியபோது, அடிக்கோடிடுவது பயன் குறைந்தவற்றில் சேர்ந்தது. தன்னைத்தானே கேள்வி கேட்டுச் சோதிப்பது மேலே நின்றது. ஒரு பகுதியை முழுசாகப் படித்துவிட்டுப் பென்சிலை எடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, பார்த்துப் பார்த்து வரிக்கு வரி நோட்டில் இறக்குவது. நோட்டு நிறைந்ததும் படித்து முடித்த திருப்தி வந்துவிடும், புரிந்ததா என்று சோதிக்கத் தோன்றாது. புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள். வேலூருக்கு இப்படி:

"புதுத் தலைப்பாகையில் தோல் சின்னம். நெற்றிக்குறி, கடுக்கன் கூடாது. மதத்தில் கைவைக்கிறார்கள் என்ற பயம். திப்பு குடும்பம் அதே கோட்டைக்குள். ஆற்காட்டுக் குதிரைப்படை வந்து அடக்கியது. — திப்பு குடும்பம் அங்கே எப்படி வந்தது??"

அந்த இரட்டைக் கேள்விக்குறிதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்கே புரியவில்லை என்று அது காட்டிக்கொடுக்கிறது. திரும்பப் போய்த் தேடினால் 1799, ஸ்ரீரங்கப்பட்டணம், திப்புவின் மரணம் என்று பாடம் பின்னோக்கி விரியும்.

பக்க எண் போடாமல் விடாதீர்கள். ஆசிரியரின் வாசகத்தை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி போடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து எது அவர் சொன்னது, எது உங்கள் கருத்து என்று பிரிக்க முடியாது.

எடுத்த குறிப்பைத் திரும்பியே பார்க்காதவர்கள்தான் அதிகம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் பரப்பிய முறை இதற்குக் கைகொடுக்கும்: தாளின் இடது ஓரத்தில் கேள்விகள், வலப்பக்கம் குறிப்பு. மறுநாள் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அந்தப் பத்தியை மட்டும் மறுபடி படித்தால் போதும்.