1931 பிரெஞ்சுக் காதல் நகைச்சுவை 'லெ மில்லியோன்': காதையும் கூட்டிக்கொண்டு பார்ப்பது எப்படி

முதல் வேலை, சப்டைட்டிலைச் சரிபார்ப்பது. பேச்சுக்கு மட்டும் போட்டுவிட்டு, பாட்டு வந்ததும் காணாமல் போகிற பிரதியாக இருந்தால் வேண்டாம், வேறு தேடுங்கள். ரெனே கிளேர் இயக்கிய இந்தப் படத்தில் கதையை நகர்த்துவதே பல இடங்களில் பாட்டுதான். ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். பழைய ஒலிப்பதிவு, கொஞ்சம் கரகரக்கும், சீக்கிரமே காது பழகிவிடும்.

கதையை இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்: மிஷேல், கழுத்துவரை கடன் உள்ள ஓவியன். டச்சு லாட்டரியில் அவனுக்கு ஒரு மில்லியன் ஃப்ளோரின் விழுகிறது. சீட்டு இருப்பதோ பழைய கோட்டுப் பையில், அந்தக் கோட்டை அவனுடைய காதலி பியாட்ரிஸ், அவன்மேல் இருந்த கோபத்தில், போலீசுக்குப் பயந்து ஓடிவந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டாள், அவரிடமிருந்து அது ஓர் ஓபரா பாடகர் கைக்குப் போய்விடுகிறது. முதல் தடவை எதையும் ஆராய வேண்டாம், கோட்டுக்குப் பின்னாலேயே ஓடுங்கள்.

சரி, இரண்டாவது தடவைதான் நான் சொல்ல வந்தது. பேசும் படம் அப்போதுதான் வந்திருந்தது. மைக்குக்கு எட்டும் தூரத்தில் நடிகர்களை நிறுத்திப் பேசவைத்துவிட்டு அதைப் படம் என்ற காலம். கிளேருக்கு அந்தப் புது வரவின்மேல் முதலில் நம்பிக்கையே இல்லை. அவர்தான் பாரிசை ஒட்டிய எபினேயில், ஜெர்மன் ஒலிப்பட நிறுவனமான டோபிஸின் ஸ்டூடியோவில் இதை எடுத்தார். படத்தில் தெரிவதையே ஒலியும் எதற்குத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி.

இதைப் புரிந்துகொள்ள, ஓபரா அரங்கில் கோட்டுக்காக நடக்கும் இழுபறியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒலியை நிறுத்திப் பாருங்கள்: ஆட்கள் கோட்டைப் பிடுங்குகிறார்கள், வீசுகிறார்கள், அவ்வளவுதான். இப்போது ஒலியோடு பாருங்கள். ரக்பி மைதானத்தின் கூச்சலும் விசிலும் கேட்கும்! கோட்டு பந்தாகிவிட்டது. அதைச் செய்தது கேமரா இல்லை, காது.

அப்புறம் அந்த ஜோடிப்பாட்டுக் காட்சி. இதற்கு அவசரப்படாதீர்கள். திரை தூக்கியதும், வெளியே வர வழியில்லாமல் மிஷேலும் பியாட்ரிசும் மேடையிலேயே செட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். முன்னால் இரண்டு பருத்த பாடகர்கள், சற்று முன்வரை ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தவர்கள், உருகி உருகிக் காதலைப் பாடுகிறார்கள். பின்னால் இருப்பவர்கள் வாயைத் திறக்க முடியாது. கோபம், சமாதானம், மன்னிப்பு எல்லாவற்றையும் அந்தப் பாடகர்களின் வரிகளே இவர்களுக்காகப் பேசிவிடுகின்றன. பியாட்ரிசாக நடித்த அன்னாபெல்லாவின் முகத்தை மட்டும் பாருங்கள், ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். மேலிருந்து உதிரும் காகிதப் பூவிதழ்கள் இவர்கள்மேலும் விழுகின்றன. போலி மேடையில் ஒரு நிஜக் காதல் கூடிவிடுகிறது. இந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலித்ததில்லை.

நடுவில் எங்காவது படத்தை நிறுத்திப் பின்னணியையும் கவனியுங்கள். சுவர்கள் சற்று மங்கலாக, பனி மூடியதுபோல் இருக்கும். கலை இயக்குநர் லசார் மேர்சோன் நடிகர்களுக்கும் பின்னணிக்கும் நடுவில் மெல்லிய வலைத்துணியைத் தொங்கவிட்டார். ஆட்கள் துலக்கமாகவும் ஊர் கனவுபோலவும் தெரிவது அதனால்தான். ஒளிப்பதிவு ஜார்ஜ் பெரினால்.

கடைசியாக, படம் முடிந்ததும் ஆரம்பத்துக்கே திரும்பிப் போங்கள். இரவு, பாரிஸ் கூரைகள், எங்கிருந்தோ ஆட்டமும் பாட்டும். தூக்கம் கலைந்த இரண்டு பேர் கூரைச் சன்னல் வழியாகக் குனிந்து, என்ன இது சத்தம் என்று கேட்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது நீங்களும் அவர்களைப் போலத்தான் கேட்டிருப்பீர்கள்.