‘அர்த்தமே இல்லை’ என்பதைப் பிரெஞ்சில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் என்னிடம் பிரெஞ்சு படித்த மாணவர் ஒருவர், பிரான்சில் இருந்து தமக்கு வந்த அலுவல் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரே விண்ணப்பத்துக்கு ஒரு பத்தியில் ஒரு கடைசித் தேதியும் அடுத்த பத்தியில் வேறொரு கடைசித் தேதியும் கொடுத்திருந்தார்கள். அதைச் சுட்டிக்காட்டி அவர் எழுதிய பதிலில் ‘ஸா ன ஃபே பா து ஸான்ஸ்’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. வினைச்சொல்லின் வடிவம் சரி, ‘ன’, ‘பா’ என்னும் எதிர்மறைக் குறிகள் இரண்டும் உரிய இடத்தில் இருந்தன, எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் ஆங்கிலத்தில் எண்ணிப் பிரெஞ்சில் எழுதப்பட்டது. ‘ஃபேர்’ என்றால் செய்தல், ‘ஸான்ஸ்’ என்றால் பொருள். ஆங்கிலத்தில் ஒரு விஷயம் பொருளைச் ‘செய்கிறது’ என்று சொல்லும் வழக்கத்தை அவர் சொல்லுக்குச் சொல் கொண்டுவந்துவிட்டார்.

இதையே தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். ‘இதுக்கு அர்த்தமே இல்லையே’ என்றார். பிரெஞ்சுக்குப் போகும் வழி அதுதான். பிரெஞ்சில் ஒரு விஷயம் பொருளைச் செய்வதில்லை. அதனிடம் பொருள் உண்டு, அல்லது இல்லை. எனவே உடைமையைக் குறிக்கும் ‘அவ்வார்’ என்னும் வினையைக் கொண்டு ‘ஸா நா பா து ஸான்ஸ்’ என்று சொல்ல வேண்டும். நம்மில் பலர் ஆங்கிலத்தின் வழியாகவே பிரெஞ்சு படிக்கிறோம். பாடநூல்களும் அகராதிகளும் பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கின்றன. அதனால், தாய்மொழியிலேயே பிரெஞ்சுக்கு நெருக்கமான அமைப்பு இருந்தும் அதைத் தாண்டிச் சென்று தவறு செய்கிறோம். நான் திருத்தும் பிழைகளில் பெரும்பகுதி இந்தச் சுற்றுவழியில் வந்தவைதான். (பிரெஞ்சுத் தொடர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், இவை ஒலியை ஏறத்தாழக் காட்டுபவை மட்டுமே, எழுத்துக்கூட்டலை அகராதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

‘ஃபேர்’ பற்றி ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லையேல் நாளை ஒருவர் மான்ட்ரியாலில் இருந்து வந்து நான் சொன்னது தவறு என்பார். மான்ட்ரியால் அமைந்துள்ள கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அன்றாடப் பேச்சில் ‘ஸா ஃபே பா து ஸான்ஸ்’ மிகச் சாதாரணமாகக் கேட்கும். அங்கே பிரெஞ்சும் ஆங்கிலமும் பல தலைமுறைகளாக அடுத்தடுத்து வாழ்வதால் அந்தத் தொடர் பேச்சில் வேரூன்றிவிட்டது. எழுத்தில் அதை ஆங்கிலத்தின் படியெடுப்பு என்று கூறித் தவிர்க்கச் சொல்வதும் அதே கியூபெக்கின் வழக்கம். பிரான்சில் இடைச்சொல் இல்லாத ‘ஃபேர் ஸான்ஸ்’ என்ற தொடர் மெய்யியல், மொழியியல் எழுத்துகளில் ‘பொருள் கொள்ளத்தக்கதாக அமைதல்’ என்ற கருத்தில் வருகிறது. இப்போது செய்திக் கட்டுரைகளிலும் பரவியிருக்கிறது. பிரெஞ்சு மொழியின் வழக்குகளைக் கண்காணிக்கும் அமைப்பான பிரெஞ்சு அகாதெமி அதையும் விரும்புவதில்லை. மான்ட்ரியாலில் வாழும் தமிழர் அங்குள்ள அண்டை வீட்டாரைப் போலப் பேசினால் அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் தேர்வெழுதும் மாணவரும் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுபவரும் ‘அவ்வார்’ வினையையே பிடித்துக்கொள்வது நல்லது.

அடுத்த தவறு எதிர்மறையில் நிகழ்கிறது. உடன்பாட்டில் ‘ஸா ஆ த்யூ ஸான்ஸ்’ என்று படித்த மாணவர், எதிர்மறையிலும் அதே ‘த்யூ’வை வைத்து ‘ஸா நா பா த்யூ ஸான்ஸ்’ என்கிறார். ‘பா’வுக்குப் பின் அது ‘து’வாகக் குறுகிவிடும். அழுத்தம் வேண்டும்போது ‘ஒக்கன்’ என்ற சொல் வருகிறது: ‘ஸா நா ஒக்கன் ஸான்ஸ்’. இந்தச் சொல்லுக்குள் ‘ஒன்று’ என்று பொருள்படும் ‘அன்’ ஒளிந்திருக்கிறது; ‘ஒரு அர்த்தமும் இல்லை’ என்னும் நம் தொடரில் ‘ஒரு’வும் ‘உம்’மும் சேர்ந்து செய்யும் வேலையை இந்த ஒற்றைச் சொல் செய்துவிடுகிறது. ஆகவே அதனுடன் ‘பா’வும் சேர்த்து ‘ஸா நா பா ஒக்கன் ஸான்ஸ்’ என்பது பிழை. பேச்சில் பிரெஞ்சுக்காரர்கள் எதிர்மறையின் முதற்பகுதியான ‘ன’வை விழுங்கி ‘ஸா ஆ பா து ஸான்ஸ்’ என்பார்கள். அது காதுக்கு மட்டுமே உரியது. எழுதும்போது அந்த ‘ன’வை விட்டுவிடாதீர்கள். மிக முறையான எழுத்தில் ‘ஸா’வுக்குப் பதில் ‘ஸுலா’ என்று எழுதுவது இன்னும் பொருத்தம்.

உச்சரிப்புத் தவறுகளைச் சிறியவை என்று பலர் ஒதுக்குகிறார்கள். இந்தச் சொல்லில் அப்படி ஒதுக்க முடியாது. பிரெஞ்சில் சொல்லின் இறுதியில் வரும் எஸ் எழுத்து பெரும்பாலும் ஒலிப்பதில்லை என்று முதல் மாதத்திலேயே கற்றுக்கொடுக்கிறோம். அந்த விதியை நம்பி மாணவர் இங்கேயும் எஸ்ஸை விட்டுவிட்டு ‘ஸா நா பா து ஸான்’ என்கிறார். கேட்பவருக்கு அது ‘இதில் இரத்தம் இல்லை’ என்று விழுகிறது. இரத்தத்துக்கு ‘ஸான்’ என்றுதான் பெயர். ‘இல்லாமல்’, ‘நூறு’ என்னும் பொருளுடைய சொற்களும் அதே ஒலிதான். பொருளைக் குறிக்கும் ‘ஸான்ஸ்’ என்ற பெயர்ச்சொல்லில் இறுதி எஸ் ஒலித்தே ஆக வேண்டும். ‘நான் உணர்கிறேன்’ என்பதற்கான வினைச்சொல்லில் அதே எழுத்துகள் அதே வரிசையில் இருந்தாலும் எஸ் ஒலிக்காது. நடுவில் உள்ள மூக்கொலியைப் பற்றித் தமிழர்கள் அஞ்ச வேண்டியதே இல்லை. பேச்சுவழக்கில் ‘நான் வர்றேன்’ என்று சொல்லிப் பாருங்கள்: ‘வர்றேன்’ முடியும் இடத்தில் நாக்கு எங்கும் தொடாமல், னகரம் உயிரோடு கரைந்து மூக்கு வழியே போகிறது. அந்தக் கரைதல்தான் பிரெஞ்சின் மூக்குயிர். எழுத்தில் ‘ன்’ இருக்கிறதே என்று நாக்கை மேலே அழுத்தி ‘ஸன்ஸ்’ என்று சொல்வதுதான் கெடுத்துவிடுகிறது.

இப்போது வாக்கியத்தின் எழுவாயைப் பார்ப்போம். ஒருவரைப் பார்த்து ‘நீ அர்த்தம் செய்யவில்லை’ என்ற பாணியில் ஆங்கிலத்தில் சொல்லலாம். அதை அப்படியே ‘த்யூ நா பா து ஸான்ஸ்’ (இங்கே ‘த்யூ’ என்றால் நீ) என்று மாற்றினால் பிரெஞ்சில் அது நிற்காது, ஏனென்றால் பொருள் இல்லாமல் இருப்பது அந்த ஆளிடம் அல்ல, அவர் பேச்சில். தமிழில் நாம் இயல்பாகவே ‘நீ சொல்வதில் அர்த்தம் இல்லை’ என்கிறோம். பிரெஞ்சும் ‘நீ சொல்வது’ என்பதை எழுவாயாக்கி ‘ஸு க த்யூ தி நா பா து ஸான்ஸ்’ என்கிறது. இதே போல ‘இப்போது கிளம்புவதில் அர்த்தமில்லை’ என்று ஒரு செயலைச் சொல்ல வேண்டுமானால், ‘து’ சேர்த்து எச்ச வடிவ வினையை வைக்க வேண்டும்: ‘ஸா நா பா து ஸான்ஸ் து பார்த்தீர் மேன்த்னான்’. ‘அவன் கிளம்புவதில் அர்த்தமில்லை’ என்று வேறோர் எழுவாய் வந்துவிட்டால், ‘க’ என்ற இணைப்புச் சொல்லும் அதன் பின் விழைவு வினைவடிவமும் வரவேண்டும். அதாவது ‘கில் பார்’ அன்று, ‘கில் பார்த்’. கடைசித் தகரம் ஒலிக்கிறதா இல்லையா என்பதிலேயே உங்கள் இலக்கணம் தெரிந்துவிடும்.

இவையெல்லாம் ஒரே தொடருக்குள் நிகழும் பிழைகள். இவற்றைவிடப் பெரிய பிழை, எல்லா இடத்திலும் இந்த ஒரே தொடரைப் பயன்படுத்துவது. நாம் ‘அர்த்தமில்லை’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவதைப் பிரெஞ்சு கூறுபோட்டுப் பார்க்கிறது. ஒரு சொல்லோ வாக்கியமோ எதையும் குறிக்கவில்லை என்றால் ‘ஸா ன வெ ரியேன் தீர்’. இதில் ‘எதுவும் இல்லை’ எனப் பொருள்படும் ‘ரியேன்’, ‘தீர்’ என்னும் வினைக்கு முன்னால் வருகிறது. ‘ஸா ன வெ தீர் ரியேன்’ என்று பின்னால் தள்ளுவது நம்மவர்களிடம் வழக்கமாகக் காணும் தவறு. ஒருவர் சொல்லும் காரணமோ கதையோ நம்பும்படி இல்லை, தர்க்கம் சரிந்துவிடுகிறது என்றால் ‘ஸா ன தியேன் பா துபூ’, அதாவது அது நிமிர்ந்து நிற்கவில்லை. ஒரு செயலுக்கு நோக்கமே இல்லை, செய்து பயனில்லை என்றால் ‘ஸா ன ரீம் ஆ ரியேன்’. அது எதனோடும் இயைபு கொள்ளவில்லை என்பது சொல்லுக்குச் சொல் பொருள். இயைபுத் தொடையை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த உருவகத்தை விளக்க வேண்டியதில்லை. சொன்னது முழுவதும் குழப்பம், தொடக்கமும் முடிவும் தெரியவில்லை என்றால் ‘ஸா நா நி கெ நி தேத்’. இங்கே ‘கெ’ என்பது வால், ‘தேத்’ என்பது தலை. நாம் தலையை முதலில் சொல்லிப் பழகியவர்கள். பிரெஞ்சில் வால்தான் முதலில் வரும், மாற்றினால் மரபு கெடும்.

‘நேன்போர்த் குவா’ என்ற தொடரை எச்சரிக்கையோடு கையாளுங்கள். படங்களிலும் தொடர்களிலும் அடிக்கடி கேட்பதால் மாணவர்கள் அதை விரும்பிப் பிடித்துக்கொள்கிறார்கள். ‘ஸே நேன்போர்த் குவா’ என்றால் ‘வாய்க்கு வந்தபடி உளறல், கண்டபடி செய்த வேலை’ என்ற அளவுக்குச் சூடு உண்டு. நண்பர்களுக்குள் அது சரி. மேலதிகாரியிடமோ ஆசிரியரிடமோ சொன்னால் அவமதிப்பாகும். ‘வூ’ என்று மரியாதைப் பன்மையில் விளித்துச் சொன்னாலும் அந்தச் சூடு தணியாது. அத்தகைய இடங்களில் குறையைத் தன் பக்கம் வைத்துக்கொள்வது பிரெஞ்சுக்காரர்களின் நாகரிகம்: ‘ஜே த்யூ மால் ஆ கோன்ப்ராந்த்ர்’, புரிந்துகொள்ளச் சிரமப்படுகிறேன், அல்லது ‘இல் யா கெல்க் ஷோஸ் கி மேஷாப்’, ஏதோ ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாவதைச் சொல்லும்போது, தவறு தம்முடையதே என்பதை எதிரில் இருப்பவர் தாமே உணர்ந்துகொள்ள இடம் கிடைக்கிறது.

ஒலியாலும் வடிவாலும் ஏமாற்றும் சொற்கள் சிலவும் உண்டு. ‘ஸான்ஸீப்ள்’ என்பதை ஆங்கிலப் பழக்கத்தால் ‘விவேகமான’ என்று எடுத்துக்கொண்டு, ‘இந்த முடிவு விவேகமற்றது’ என்பதற்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். பிரெஞ்சில் அதன் பொருள் ‘எளிதில் உணர்ச்சிவசப்படுகிற, நுண்ணுணர்வுள்ள’ என்பது. விவேகத்துக்கு ‘ரேஸொனாப்ள்’ அல்லது ‘ஸான்ஸே’ என்ற சொற்கள் உள்ளன. இந்த ‘ஸான்ஸே’விலும் ஒரு பொறி: எஸ் எழுத்தில் தொடங்கினால் ‘விவேகமுள்ள’, ஸி எழுத்தில் தொடங்கினால் ‘செய்வார் என எதிர்பார்க்கப்படுகிற’. ஒலியில் எள்ளளவும் வேறுபாடு இல்லாததால் பிரெஞ்சுக்காரர்களே இதில் தவறுகிறார்கள். எதிர்மறையான ‘ஏன்ஸான்ஸே’ என்பதை ‘அர்த்தமற்ற’ என்று பெயர்ப்பதும் பொருந்தாது. அதில் ‘பைத்தியக்காரத்தனமான’ என்ற சாயல் இருக்கிறது. நம்முடைய ‘அர்த்தமற்ற’ என்ற பெயரடைக்கு, எழுத்துநடையில் ‘தேன்யுவே து ஸான்ஸ்’ என்பதே நேரானது.

பிரெஞ்சுப் பள்ளிகளில் மொழிபெயர்ப்புத் தேர்வைத் திருத்துபவர்கள் மூன்று பிழைகளைப் பெயரிட்டுப் பிரிக்கிறார்கள். இந்தப் பிரிவை அறிந்தால் ‘ஸான்ஸ்’ என்ற சொல்லே தெளிவாகிவிடும் என்பதால் நான் இதை வகுப்பில் தவறாமல் சொல்வேன். ஒரு சொல்லின் பொருளைச் சற்றுப் பிசகாக எடுத்துக்கொண்டால் ‘ஃபோ ஸான்ஸ்’. மூலம் சொல்வதற்கு மாறான கருத்தை எழுதிவிட்டால் ‘கோன்த்ர்ஸான்ஸ்’. எழுதிய வாக்கியம் எந்தப் பொருளுமே தராவிட்டால் ‘நோன்ஸான்ஸ்’, மூன்றிலும் கடுமையான குற்றம். ஆகவே உளறலைக் கண்டு ‘ஸே தன் கோன்த்ர்ஸான்ஸ்’ என்று சொன்னால், ‘தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்’ என்று சொன்னதாகிவிடும். ‘ஸான்ஸ்’ என்பதற்குத் திசை என்ற பொருளும் உண்டு. ஒருவழிப் பாதைக்கு ‘ஸான்ஸ் யூனீக்’, நுழையக் கூடாத தெருவுக்கு ‘ஸான்ஸ் ஏன்தெர்தி’ என்று பெயர். நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் வண்டி ஓட்டுவதற்கும் அதே ‘கோன்த்ர்ஸான்ஸ்’தான் வருகிறது.

சொல்லி முடித்தபின் ‘புரிகிறதா?’ என்று கேட்பதற்கும் ‘ஸா ஃபே த்யூ ஸான்ஸ்?’ என்று கேட்க வேண்டாம். ‘வூ வுவாயே ஸு க ஜ வெ தீர்?’, நான் சொல்லவருவது தெரிகிறதா என்று கேளுங்கள். மற்றவர் சொன்னது பொருத்தமாக இருந்தால் ‘ஸே லொஜீக்’ அல்லது ‘ஸா ஸு தியேன்’ போதும்.

அந்த மாணவரின் கடிதத்தை அன்று இருவரும் சேர்ந்து திருத்தினோம். முதலில் ‘ஃபே’வை எடுத்துவிட்டு ‘ஸுலா நா பா து ஸான்ஸ்’ என்று மாற்றினோம், இலக்கணம் சரியாகிவிட்டது. ஆனால் ஓர் அலுவலகத்திடம் ‘நீங்கள் எழுதியதில் அர்த்தமில்லை’ என்று சொல்வது உரசலாக இருந்தது, என்ன குறை என்பதையும் அது சொல்லவில்லை. உண்மையில் அந்தக் கடிதத்தில் பொருள் இல்லாமல் போகவில்லை, இரண்டு பொருள்கள் மோதிக்கொண்டிருந்தன. கடைசியில் அவரே பேனாவை வாங்கி ‘ஸே தெ தாத் ஸு கோன்த்ரதீஸ்’, இவ்விரண்டு தேதிகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, என்று எழுதினார். அந்த வாக்கியத்தில் ‘ஸான்ஸ்’ என்ற சொல்லே இல்லை.