நட்ட கன்றும் ஒட்டிய அறிவிப்பும்: தாமான் பசுமைப் பணிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவை, இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயராலேயே சொல்லும் பெரியவர்கள் எங்கள் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், பலர் இருக்கிறார்கள். தோட்டத்து லயங்களை விட்டு மலிவுவிலை வீடுகளுக்கு வந்து சேர்ந்த அவர்களில் பெரும்பாலோர் பால்மரம் வெட்டியவர்கள் (ரப்பர் பால் எடுத்தவர்கள்), நாற்றுமேடையில் செம்பனை (எண்ணெய்ப்பனை) கன்று வளர்த்தவர்கள், களையெடுத்தவர்கள். இவ்வூரின் மண்ணையும் மழையையும் அவர்களைவிட அறிந்தவர் இல்லை. ஆயினும், தாமானில் மரம் நடும் பணி தொடங்குகிறது என்ற செய்தி அவர்களை எட்டுவது பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான். பல ஆண்டுகளாகக் குடியிருப்பாளர் பணிகளில் ஈடுபட்டுப் பார்த்ததில், கன்றுகள் பட்டுப்போவதற்கும் செய்தி உரிய நேரத்தில் உரியவரிடம் போகாததற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

முதல் தவறு, நாட்காட்டியைப் பார்த்து நடுவது. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பதால் அந்த வாரத்திலேயே நடவு விழாவை வைத்துவிடுகிறோம். ஆனால், தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில் ஏப்ரல், மே மாதங்களிலும் மீண்டும் அக்டோபர், நவம்பரிலும்தான் மழை மிகுதி. ஜூனும் ஜூலையும் ஆண்டின் வறண்ட மாதங்கள். நாங்களும் ஒரு ஜூன் மாதத்தில் நட்டோம். வேர் பிடிப்பதற்குள் வெயில் முந்திக்கொண்டதால் பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் கருகிவிட்டன. நாற்றுமேடையில் வேலை பார்த்த ஒரு பாட்டி அவ்வழியே போகும்போது நின்று, “தீபாவளி மழைக்கு நட்டிருக்கலாமே, தம்பி” என்றார். அவருக்கு முன்பே தெரிந்திருந்தால் அதை முன்பே சொல்லியிருப்பார். அறிவிப்பை மலாய் மொழியில் மட்டும் அச்சிட்டு மண்டபத்துப் பலகையில் ஒட்டியிருந்தோம். அவருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். அது முழுக்க எங்கள் குழுவின் தவறு. இப்போது தமிழிலும் எழுதி, கோவில் வாசலிலும் தமிழ்ப்பள்ளி வாயிலிலும் ஒட்டுகிறோம். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிட்டால் போதும் என்று எண்ணுவதும் சரியன்று, ஏனெனில் திறன்பேசி இல்லாத முதியவர்களே இப்பணிக்கு மிகவும் தேவைப்படுபவர்கள்.

நட்ட கன்றைக் கொல்வதில் வெயிலுக்கு அடுத்தபடியாக நிற்பது புல்வெட்டும் இயந்திரம். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் சாலையோரத்திலும் திறந்தவெளியிலும் புல் வெட்டும்போது, சுழலும் நைலான் கயிறு கன்றின் அடிப்பட்டையைச் சுற்றிலும் உரித்துவிடுகிறது. இலையில் உண்டாகும் உணவு பட்டையின் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. ஆகவே பட்டை வளையமாக அறுபட்ட கன்று சில வாரம் பச்சையாக நின்று, பிறகு மெல்ல வாடிச் சாகிறது. காரணம் தெரியாமல் நாம் மண்ணைக் குறை சொல்கிறோம். வேலையாட்களின் மேல் பழி போடுவதும் நியாயமன்று. உயர்ந்த புல்லுக்குள் முழ உயரக் கன்று இருப்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. தோட்டத்தில் செய்வதுபோல் கன்றைச் சுற்றி வட்டமாகப் புல்லை அகற்றி, உயரமான கழி ஒன்றை ஊன்றி, நட்ட இடங்களின் வரைபடத்தை நகராண்மைக் கழகத்தின் பூங்காப் பிரிவிடமும் ஒப்பந்தக்காரரிடமும் எழுத்து மூலம் கொடுத்துவிட வேண்டும். வட்டத்துக்குள் செம்பனையின் வெற்றுக்குலைகளை, அதாவது பழம் எடுத்தபின் மிஞ்சும் குலைகளை, பரப்பினால் ஈரம் நிற்கும். ஆனால் ஓரடுக்குக்கு மேல் குவிக்கக் கூடாது; அழுகும் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, பக்கத்துத் தோட்டத்துச் செம்பனையின் குருத்தைத் துளைக்கும்.

நிலம் யாருடையது என்று கேட்காமல் மண்வெட்டியை எடுப்பது இன்னொரு தவறு. தாமானுக்குள் வெறுமையாகத் தெரியும் இடமெல்லாம் நகராண்மைக் கழகத்தின் இடமல்ல. ஆற்றங்கரை ஒதுக்கு நிலத்துக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறையிடமும், பெருஞ்சாலை ஓரத்துக்குப் பொதுப்பணித் துறையிடமும் கேட்க வேண்டியிருக்கும். வேலிக்கு அப்பால் தோட்ட நிறுவனத்தின் நிலம். மின்கம்பிக்கு அடியில் உயர வளரும் மரத்தை நட்டால் என்றாவது ஒருநாள் அது வெட்டப்படும். நடுவதற்கு மட்டுமன்றி வெட்டுவதற்கும் சட்டம் உண்டு: 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை, அது பட்டுப்போனதாகவோ உடனடி ஆபத்து விளைவிப்பதாகவோ இருந்தாலன்றி, ஊராட்சி மன்றத்தின் (நகராண்மைக் கழகம் போன்ற உள்ளாட்சி அமைப்பின்) எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. புதிய கன்றுகளுக்கு இடம் வேண்டும் என்று பழைய மரத்தைச் சாய்க்கும் குழுக்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

எங்கள் ஊரைத் தொட்டு ஓடும் சிலாங்கூர் ஆறுதான் கீழே கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் என்னும் ஆற்றோர மரங்களில் மின்மினிகள் ஒளிரும் ஆறு. அங்கே போய்ப் பார்ப்பவர்கள் மரத்தை மட்டுமே பார்க்கிறார்கள். மின்மினியின் இளம்புழுக்களோ ஆற்றோர ஈரத்தரையில், உதிர்ந்த இலைகளுக்கடியில், சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. ‘துப்புரவு’ என்ற பெயரில் கரையின் புதரையும் சருகையும் வழித்தெடுத்தால் அவற்றின் வீட்டையே வழித்தெடுக்கிறோம். கூட்டுத் துப்புரவுப் பணியில் ஞெகிழிப் பைகளும் புட்டிகளும் எடுக்கப்படட்டும். சருகு அங்கேயே கிடக்கட்டும். புண்ணியம் என்று நினைத்து ஆற்றில் மீன் விடுவதையும் நிறுத்த வேண்டும். நாம் பண்டாராயா மீன் என்றழைக்கும் மீன் தென்னமெரிக்காவிலிருந்து மீன்தொட்டிகளுக்காக வந்தது. கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் கரையே சரிகிறது.

வண்ணம் பூசிய பழைய டயர்களைப் பூந்தொட்டியாக வைப்பவர்கள், உட்புறத்தில் தேங்கும் நீர் வடியத் துளையிட வேண்டும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரமே போதும்.

ஊராட்சிச் செய்திகளை வாசிக்காமல் விடுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பைத் தருகிறது. மலேசியாவில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டன; அதன்பின் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. வாக்குச் சீட்டு இல்லாத இடத்தில் கடிதமும் ஆட்சேபமும்தான் குடியிருப்பாளரின் குரல். உள்ளூர்த் திட்ட வரைவு (எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் திட்டம்) பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, கருத்துச் சொல்லக் குறைந்தது 4 வாரமாவது உண்டு. நம் திறந்தவெளியின் நிலப் பயன்பாடு மாறப்போகிறதா என்பதை அப்போதே வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும். 2021இல் கோல சிலாங்கூர் மாவட்ட மன்றம் நகராண்மைக் கழகமாக உயர்ந்த பிறகும், பொது அறிவிப்பைத் தேடிப் படிக்கும் பழக்கம் எங்களிடையே அவ்வளவாக வளரவில்லை.

நாமே எழுதும் செய்தியிலும் ஒரு குறை இருக்கிறது. பிரமுகர் மண்வெட்டி பிடித்த படத்தோடு அது முடிந்துவிடுகிறது. நடுவதற்கு 3 வாரம் முன்பே நாளும் இடமும் மர வகையும் அறிவிக்கப்பட்டால்தான் பாட்டியைப் போன்றவர்கள் தடுத்தோ திருத்தியோ சொல்ல முடியும். எந்த வாரம் எந்த வீட்டார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்ற பட்டியல் அடுத்து வர வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் நின்று எடுத்த படத்தோடு, எத்தனை கன்று நட்டோம், எத்தனை நிற்கின்றன, நிற்காதவை எதனால் போயின என்று எழுதி, அதே கோவில் வாசலில் ஒட்ட வேண்டும்.